மஸ்கட் சம்பளத்தை வைத்து இங்கிலாந்தில் வீட்டுக்கடன் கிடைக்குமா?

அருமனைக்காரன் | 12 ஆகஸ்ட் 2025

எல்லாருக்கும் வணக்கம். நான் மஸ்கட்டில் 21 வருடமாக வேலை பார்க்கிறேன். மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், மாதம் 950 ரியால். வயது 53. ஊர் அருமனை பக்கம். மகள் நர்ஸ், இரண்டு வருடமாக லீட்ஸில் இருக்கிறாள். வாடகை கொடுத்தே சம்பளத்தில் பாதி போகிறது என்று ஒவ்வொரு போனிலும் சொல்வாள். 185,000 பவுண்டுக்கு ஒரு வரிசை வீடு பார்த்து வைத்திருக்கிறாள். இரண்டு அறை, பின்னால் கொஞ்சம் இடம்.

ரப்பர் தோட்டத்தில் ஒரு பங்கை விற்ற 40 லட்சம் ரூபாய் என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர் ஊர் வருமானத்தைப் போட்டு வைக்கும் வங்கிக் கணக்கு) கிடக்கிறது. இங்கே கையில் 7,000 ரியால் இருக்கிறது. மீதியை என் சம்பளத்தைக் காட்டிக் கடனாக எடுத்து, வீட்டை என் பெயரிலும் மகள் பெயரிலுமாக வாங்கலாம் என்று யோசனை. அங்குள்ள ஒரு வங்கிக்கு போன் போட்டேன். ரியால் சம்பளமா, எங்களால் முடியாது என்று இரண்டே நிமிடத்தில் வைத்துவிட்டார்கள். மஸ்கட்டில் கேட்டால் வெளிநாட்டு வீட்டுக்குக் கடன் இல்லை என்கிறார்கள். யாராவது இப்படி வாங்கியிருக்கிறீர்களா? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல்_துபாய் | 12 ஆகஸ்ட் 2025

அண்ணாச்சி, நான் துபாயில் 2021இல் ஃபிளாட் வாங்கினேன். இங்கே வசிக்கிற வெளிநாட்டவருக்கு 50 லட்சம் திர்ஹாமுக்குள் முதல் வீடு என்றால் மதிப்பில் 80 சதவீதம் வரை கடன் தரலாம். 2020க்கு முன்னால் அது 75 ஆக இருந்தது. எல்லாக் கடன் தவணையும் சேர்த்துச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் காலம் அதிகபட்சம் 25 வருடம். ஆனால் 20 சதவீதம் கையில் இருந்தால் போதும் என்று நினைத்து இறங்காதீர்கள். நிலத்துறைக்கு 4 சதவீதம், ஏஜென்டுக்கு 2 சதவீதம், கடனைப் பதிய 0.25 சதவீதம், மதிப்பீட்டுக் கட்டணம் என்று தனியாக வரும். 2025 பிப்ரவரி முதல் அந்த 4, 2 சதவீதங்களைக் கடனோடு சேர்க்கவும் முடியாது. கைக்காசு 27 சதவீதம் இல்லாமல் கிளம்ப வேண்டாம் என்பேன்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், சம்பளமும் திர்ஹாம், கடனும் திர்ஹாம். உங்கள் கணக்கில் சம்பளம் ரியால், கடன் பவுண்டு. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. துபாயில் வாங்கலாமே என்று சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் இங்கே வசிப்பவர் இல்லை. வெளியிலிருந்து வருபவருக்குப் பாதி, கொஞ்சம் கூடினால் 60 சதவீதம்தான் தருகிறார்கள்.

மார்த்தாண்டம்_டீச்சர் | 13 ஆகஸ்ட் 2025

மகள் லீட்ஸில் இருக்கும்போது துபாயில் எதற்கு வீடு? அண்ணன் கேட்டது மகள் தலைக்கு மேல் ஒரு கூரை. அதைப் பற்றிப் பேசுவோம்.

ஒன்று சொல்ல வேண்டும். மகள் இங்கிலாந்தில் இருப்பது ஒரு விதத்தில் நல்லது. என் தம்பி மெல்போர்னில் தற்காலிக விசாவில் இருக்கிறான். அங்கே 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை வெளிநாட்டவர் பழைய வீடு வாங்கவே தடை. தற்காலிக விசாக்காரர்களும் அதில் அடக்கம். அவன் பார்த்து வைத்த வீட்டை விட்டுவிட்டான். கனடாவிலும் 2027 தொடக்கம் வரை தடை உண்டு, வேலை பெர்மிட்காரர்களுக்கு நிபந்தனையோடு விலக்கு. சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரைத் தீர்வையே 60 சதவீதம். இங்கிலாந்தில் வாங்கக் கூடாது என்று சட்டம் இல்லை. வரிதான் கூடும்.

வெட்டூர்ணிமடம் | 13 ஆகஸ்ட் 2025

நான் பர்மிங்காமில் வீட்டுக்கடன் ஆலோசகர் ஒருவர் ஆபீஸில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். இதே கேள்வியோடு வளைகுடாவிலிருந்து மாதத்துக்கு இரண்டு பேராவது பேசுகிறார்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் அண்ணாச்சி.

வங்கி போனை வைத்ததற்குக் காரணம் நீங்கள் இந்தியர் என்பதல்ல. சம்பளம் ஒரு நாணயத்தில், கடன் இன்னொரு நாணயத்தில் இருந்தால் அதை வெளிநாட்டு நாணயக் கடன் என்று இங்கே தனி வகையாக வைத்திருக்கிறார்கள். 2016 மார்ச்சில் வந்த விதி. மாற்று விகிதம் 20 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் வங்கி உங்களுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும், கடன் வாங்கியவரைக் காப்பாற்றும் ஏற்பாடுகளும் வைத்திருக்க வேண்டும். பல பெரிய வங்கிகள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டன. இப்போது தருபவர்கள் சில சர்வதேச வங்கிகளும் சிறு கடன் நிறுவனங்களும்தான். அவர்கள் உங்கள் சம்பளத்தை அப்படியே எடுக்க மாட்டார்கள். 10 முதல் 25 சதவீதம் வரை கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கிறேன். 950 ரியால் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 22,000 பவுண்டு. 20 சதவீதம் கழித்தால் 17,600. வருடச் சம்பளத்தில் நாலரை மடங்கு வரைதான் பொதுவாகக் கடன் தருவார்கள், அப்படியென்றால் 79,200. கைக்காசு போக உங்களுக்கு வேண்டியது 1,39,000 பக்கம். வெளிநாட்டு வருமானம் என்றால் குறைந்தபட்சம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று பல இடங்களில் ஒரு வரம்பும் உண்டு. அதற்கு உங்கள் சம்பளம் எட்டுவது கஷ்டம்.

அடுத்தது வயது. 65 வயதுக்குள் முடிக்கச் சொன்னால் உங்களுக்கு 12, 13 வருடம்தான். 1,50,000 பவுண்டு கடன், வட்டி 5.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 வருடம் என்றால் தவணை 921 பவுண்டு. அதையே 13 வருடத்தில் அடைக்க 1,348 பவுண்டு.

அப்புறம் நாணயம். ரியால் டாலரோடு கட்டிப் போட்ட காசு. பவுண்டு அப்படி இல்லை. 2022 செப்டம்பர் கடைசியில் ஒரு பவுண்டு 1.07 டாலர் இருந்த நாளில் 1,000 பவுண்டு தவணைக்கு 411 ரியால் போதும். இப்போது 1.34 டாலர் பக்கம் நிற்கிறது. அதே தவணைக்கு 515 ரியால். வட்டி ஒரு பைசா ஏறாமலே மாதம் 100 ரியால் கூடிவிட்டது. சம்பளம் அதற்கேற்பக் கூடியதா?

அதனால் என் கேள்வி இது. மகளுக்கு அங்கே பவுண்டு சம்பளம் இருக்கிறதே, கடனை ஏன் நீங்கள் வாங்க வேண்டும்?

அருமனைக்காரன் | 14 ஆகஸ்ட் 2025

தம்பி, நன்றி. இப்படி யாரும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. அவளுக்கு வருடத்துக்கு 31,000 பவுண்டு வரும். இரண்டு வருடச் சர்வீஸுக்கு யார் கடன் தருவார்கள், விசாவும் நிரந்தரம் இல்லையே என்று நான்தான் முந்திக்கொண்டேன். என் பெயரும் சேர்ந்தால் வங்கிக்கு ஒரு பலம் என்று நினைத்தேன்.

தேங்காப்பட்டணம்_நர்ஸ் | 14 ஆகஸ்ட் 2025

அண்ணா, நானும் இதே விசாவில்தான் போன வருடம் வாங்கினேன். விசாவில் எவ்வளவு காலம் மீதி இருக்கிறது, இங்கே வந்து எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்பார்கள். வங்கிக்கு வங்கி மாறும். சிலர் 10 சதவீத முன்பணத்துக்கே சம்மதிப்பார்கள், சிலர் 25 கேட்பார்கள். உங்கள் மகளிடம் போன் கான்ட்ராக்ட், கரண்ட் பில், ஒரு கிரெடிட் கார்டு எல்லாம் அவள் பெயரில் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் வந்த புதிதில் எல்லாம் தோழி பெயரில் ஓடியது. சம்பளம் இருந்தும் என் பெயரில் ஒரு வரலாறும் இல்லை என்று முதல் விண்ணப்பம் தள்ளுபடியானது. ஆறு மாதம் கார்டில் காய்கறி வாங்கி, மாதக் கடைசியில் முழுசாகக் கட்டி, அப்புறம்தான் கிடைத்தது.

வெட்டூர்ணிமடம் | 14 ஆகஸ்ட் 2025

31,000இல் நாலரை மடங்கு 1,39,500. வீடு 1,85,000. முன்பணம் 46,000 போட்டால் ஏறக்குறையக் கால் பங்கு. உங்கள் 40 லட்சம் சுமார் 34,000 பவுண்டு, 7,000 ரியால் சுமார் 13,500. கிட்டத்தட்ட அளவெடுத்து வைத்த மாதிரி இருக்கிறது அண்ணாச்சி. மகள் தனியாகக் கடன் வாங்கட்டும். நீங்கள் முன்பணத்தை நன்கொடையாகக் கொடுங்கள்.

உங்கள் பெயர் பத்திரத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். சொந்த வீடு ஏற்கெனவே உள்ளவர் இன்னொன்று வாங்கினால் முத்திரை வரியில் 5 சதவீதம் கூடுதல். 2024 அக்டோபர் 31 முதல் இந்த விகிதம், அதற்கு முன் 3 ஆக இருந்தது. இங்கிலாந்தில் வசிக்காதவர் வாங்கினால் இன்னொரு 2 சதவீதம், அது 2021 ஏப்ரல் முதல். சேர்ந்து வாங்குபவர்களில் ஒருவர் இப்படி இருந்தாலும் முழு விலைக்கும் விழும். 1,85,000 வீட்டுக்குச் சாதாரண வரி 1,200 பவுண்டு. உங்கள் பெயர் சேர்ந்தால் 9,250உம் 3,700உம் கூடி மொத்தம் 14,150. மகள் மட்டும், முதல் வீடு என்றால் பூஜ்யம். 3,00,000 வரை முதல் வீட்டுக்காரர்களுக்கு வரி கிடையாது.

அருமனைக்காரன் | 15 ஆகஸ்ட் 2025

14,150 எங்கே, பூஜ்யம் எங்கே! என் பெயர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டம்மாதான் கொஞ்சம் யோசிக்கிறாள். நம்ம ஆயுசுக் காசைப் போட்டுவிட்டு நமக்கு ஒரு எழுத்து கூட இல்லையா என்கிறாள். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். டிசம்பரில் கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது ஊரில் இருக்கிற 11 சென்ட் வீட்டை மகள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிடுவோம், எல்லாக் கணக்கும் ஒரே வருடத்தில் தீர்ந்துவிடும். பத்திர எழுத்தரிடமும் பேசியாகிவிட்டது.

வெட்டூர்ணிமடம் | 15 ஆகஸ்ட் 2025

அண்ணாச்சி, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். இன்றே எழுத்தரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

சொந்த வீடு என்று நான் சொன்னது இங்கிலாந்தில் உள்ள வீடு மட்டுமல்ல. உலகத்தில் எங்கே இருந்தாலும் கணக்கில் வரும். அருமனையில் அவள் பெயரில் ஒரு வீடு எழுதப்பட்ட அந்த நாளே அவள் முதல் வீட்டுக்காரி இல்லாமல் போய்விடுகிறாள். விலைக்கு வாங்கினாளா, அப்பா கொடுத்தாரா, பாட்டி எழுதி வைத்தாரா என்ற வித்தியாசம் அதில் கிடையாது. அவள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டு, அதாவது நம் காசுக்கு 47 லட்சம் பக்கம், அதைத் தொட்டால் 5 சதவீதமும் விழும். நீங்கள் ஆசையாகக் கொடுக்கிற வீட்டால் அவள் இங்கே 10,450 பவுண்டு கட்டுவாள்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மற்ற ஊரைவிட நமக்குப் பெண்பிள்ளைக்கு வீடும் தோட்டமும் எழுதிக் கொடுக்கும் பழக்கம் அதிகம். கல்யாணத்துக்கு முன்னால் எழுதிவிடுகிறோம். இங்கே வந்து விண்ணப்பத்தில் வேறு வீடு உண்டா என்று கேட்டால், ஊர் வீடு ஞாபகத்துக்கே வராமல் இல்லை என்று டிக் போட்டுவிடுகிறார்கள். பொய் சொல்லும் எண்ணம் இல்லை, ஆனால் கையெழுத்து போட்டது போட்டதுதான். போன மாதம் வந்த தக்கலைப் பெண் ஒருத்திக்குத் தன் பெயரில் வீடு இருப்பதே தெரியாது. அம்மாவிடம் போனில் கேட்டு எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து அழுதாள்.

வெறும் மனை, ரப்பர் தோட்டம், தென்னந்தோப்பு இதெல்லாம் வீடு அல்ல, கணக்கில் வராது. அவசியம் ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்றால் வெறும் மனையை எழுதுங்கள்; வெளிநாட்டில் வசிக்கும் மகளுக்குத் தோட்டத்தையோ தோப்பையோ நன்கொடையாக எழுத நம் சட்டத்தில் இடமில்லை. கல்யாணம் பேசுகிறீர்கள் என்றால் இன்னொன்றும் உண்டு. கணவன் மனைவி சேர்ந்து வாழ்ந்தால் அந்த 5 சதவீதத்துக்கு மாப்பிள்ளை பெயரில் இருக்கும் வீட்டையும் பார்ப்பார்கள்.

அருமனைக்காரன் | 15 ஆகஸ்ட் 2025

கை நடுங்குகிறது தம்பி. எழுத்தரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். வீட்டம்மாவிடமும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், பிள்ளைக்கு நஷ்டம் என்றால் நமக்கு எதுக்கு எழுத்து என்று அவளே சொன்னாள்.

பூதப்பாண்டி_ஆடிட்டர் | 17 ஆகஸ்ட் 2025

பணம் போகும் பாதையைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். அண்ணன் என்.ஆர்.ஐ. என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம். வருமான வரித் துறைக்குத் தரும் படிவமும் ஆடிட்டர் தரும் சான்றிதழும் வேண்டும். விற்பனைக்கான வரி கட்டியாகிவிட்டதா என்பதை அதில்தான் பார்ப்போம்.

ஆனால் ஒரு தவறு செய்யாதீர்கள். வசதிக்காகப் பணத்தை ஊரிலிருக்கும் மனைவி கணக்குக்கு மாற்றி அங்கிருந்து மகளுக்கு அனுப்புகிறேன் என்பார்கள். அவர் இந்தியாவில் வசிப்பவர். அவருக்கு வருடம் 2,50,000 டாலர் என்ற திட்டம்தான் பொருந்தும். அதில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் முன்வரியாகப் பிடித்து வைக்கும். 40 லட்சத்தில் 6 லட்சம் முடங்கும். ரிட்டர்னில் திரும்பக் கிடைக்கும் என்றாலும், பவுண்டு கட்ட வேண்டிய நாளில் அந்தப் பணம் கையில் இருக்காது. நேராக உங்கள் என்.ஆர்.ஓ.விலிருந்தே போகட்டும்.

நீங்கள் ஊர் திரும்பிய பிறகு வெளிநாட்டுச் சொத்து என்று வருமான வரி ரிட்டர்னில் காட்ட வேண்டிய கடமையும் இதில் இல்லை, ஏனென்றால் வீடு மகளுடையது. உங்கள் பெயரில் இருந்திருந்தால், இந்தியாவில் முழு வசிப்பாளர் ஆன பின் காட்டாமல் விட்டதற்கு அபராதமே 10 லட்சம்.

தோட்டம் விற்ற விலை முழுவதும் பத்திரத்தில் இருக்கிறதா அண்ணா?

அருமனைக்காரன் | 17 ஆகஸ்ட் 2025

முழுவதும் இருக்கிறது. வாங்கினவர் 8 லட்சம் கையில் தருகிறேன், பத்திரச் செலவு குறையும் என்று கேட்டார். என் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் செக்காகத்தான் வாங்கினோம்.

தேங்காப்பட்டணம்_நர்ஸ் | 18 ஆகஸ்ட் 2025

உங்கள் அண்ணனுக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். என் முதல் வீடு அப்படித்தான் போனது. அப்பா மனை விற்றதில் பாதி கைக்காசு. அதை ஐந்தாறு தடவையாக வங்கியில் போட்டு அனுப்பினார். சொலிசிட்டர் (வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் வக்கீல்) ஒவ்வொரு வரவுக்கும் பேனாவால் வட்டம் போட்டு, இது எங்கிருந்து என்று கேட்டார். சொல்ல ஒன்றும் இல்லை. இங்கே இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்ளும் நாள் வரை விற்பவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஏழு வாரம் பொறுத்துவிட்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். சர்வேக்கும் சொலிசிட்டருக்கும் கட்டிய 1,400 பவுண்டு போனது போனதுதான். அப்பா இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

பூதப்பாண்டி_ஆடிட்டர் | 18 ஆகஸ்ட் 2025

நம் சட்டத்திலும் அது குற்றம் தங்கச்சி. நிலம் வீடு விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் போட முடியும். ஊரில் எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்வதைக் கேட்டு யாரும் இறங்க வேண்டாம்.

அருமனைக்காரன் | 9 நவம்பர் 2025

இடையில் எழுத நேரம் இல்லை, மன்னிக்கவும். மகளுக்குக் கொள்கை அளவில் கடன் ஒப்புதல் கிடைத்துவிட்டது. இப்போது சொலிசிட்டர் கேள்விகள். விற்பனைப் பத்திரம், வங்கி வரவு, என் மஸ்கட் கணக்கு ஆறு மாதம், சம்பள சர்ட்டிபிகேட் எல்லாம் கொடுத்தேன். அந்தத் தோட்டம் உங்களுக்கு எப்படி வந்தது என்று ஒரு கேள்வி. என் தாத்தா 1951இல் வாங்கியது. பெட்டியைத் திறந்து எடுத்தால் பழைய பிரமாணம் (பத்திரம்) முழுவதும் மலையாளத்தில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, ஓரம் பொடிந்து, கையெழுத்தில் எழுதியது. எனக்கு மலையாளம் பேச வரும், அந்த எழுத்து படிக்க வராது.

மார்த்தாண்டம்_டீச்சர் | 9 நவம்பர் 2025

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம்தானே அண்ணா, விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் பல வீட்டுப் பெட்டியிலும் அப்படித்தான் இருக்கும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மலையாள ஆசிரியர் ஒருவர் வாசித்துச் சொல்வார். ஆனால் சொலிசிட்டருக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். திருவனந்தபுரத்தில் செய்து தருகிறார்கள், ஒரு வாரம் ஆகும். அசலைக் கொடுத்தனுப்பாதீர்கள். ஒவ்வொரு பக்கமும் தட்டையாக வைத்து ஸ்கேன் எடுங்கள். தாத்தாவிலிருந்து உங்கள் கைக்கு வந்த பாகப் பத்திரத்தையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் திரும்பக் கேட்பார்கள்.

வெட்டூர்ணிமடம் | 10 நவம்பர் 2025

நன்கொடைக் கடிதம் ஒன்றும் வரும். இது கடன் அல்ல, திரும்பக் கேட்க மாட்டேன், வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கும்போது மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டிவிட்டே போடுங்கள். பிறகு, கொடுத்ததைத் திருப்பித் தா என்று மகளிடம் ரகசியமாகப் பேசி வைப்பதும் கூடாது. மனதார முடிந்தால் மட்டும் கையெழுத்து.

அருமனைக்காரன் | 21 பிப்ரவரி 2026

நேற்று சாவி வாங்கிவிட்டாள். வீடியோ காலில் ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஈரம் ஏறிய ஒரு திட்டு இருக்கிறது. அதைத்தான் அவள் அம்மா முதலில் பார்த்தாள். கேஸ் மீட்டர் எண்ணை போட்டோ எடுத்து வைத்துக்கொள் என்று சொன்னேன். முத்திரை வரி பூஜ்யம் என்று சொலிசிட்டர் கணக்குச் சீட்டில் எழுதியிருந்ததை வீட்டம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

இனி ஊர் வீட்டை அவளுக்கு எழுதலாமா தம்பி?

வெட்டூர்ணிமடம் | 21 பிப்ரவரி 2026

ரொம்பச் சந்தோஷம் அண்ணாச்சி. எழுதலாம், வாங்கி முடித்த வீட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பின்னாளில் அவள் குடியிருக்கும் இந்த வீட்டை விற்றுவிட்டு வேறு வீட்டுக்குக் குடிபோனால் பொதுவாக 5 சதவீதம் கிடையாது. இதை வைத்துக்கொண்டே இரண்டாவது வாங்கினால்தான் வரும். ஈரத் திட்டுக்கு இப்போதே ஆள் கூப்பிடச் சொல்லுங்கள், வெயில் வரட்டும் என்று விட வேண்டாம்.

அருமனைக்காரன் | 22 பிப்ரவரி 2026

ஆள் திங்கட்கிழமை வருகிறார். வரும் லீவுக்குப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று எழுத்தரிடமும் சொல்லிவிட்டேன்.